பிளாஸ்டர்க்காரரும் ஒன்பதாம் நம்பர் டிராமும்

எனக்குப் பொறாமை உண்டு. அதை மூடி மறைக்கிற ஆள் நான் இல்லை. மற்றவர்களுக்குப் பக்கத்து வீட்டுக்காரனைப் பார்த்தால் வயிறு எரியும், சகலையின் சம்பளத்தைக் கேட்டால் வயிறு எரியும். எனக்கு ஒரு டிராமைப் பார்த்தால் எரிந்தது. ஒன்பதாம் நம்பர் டிராம். எங்கள் சமையலறை சன்னலுக்குக் கீழேதான் அது வளைந்து திரும்பும். திரும்பும்போது கிறீச்சென்று ஒரு சத்தம். காலையில் என் மனைவியை ஏற்றிக்கொண்டு போகும்போதும் அந்தச் சத்தம், சாயங்காலம் கொண்டுவந்து இறக்கும்போதும் அதே சத்தம். என்னைப் பார்த்துப் பல்லை இளித்துவிட்டுப் போவதாகவே எனக்குப் படும்.

நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். பழைய ஊரில் என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மாஸ்டர்தான். என் மனைவியும் கேலியாக மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவாள், கோபம் வந்தால் மட்டும் ‘என்னங்க’. அந்த ஊரில் கார் இல்லாமல் ஒரு பால் பாக்கெட் வாங்க முடியாது. கடை எங்கள் வீட்டுக்கு நேர் எதிரே இருந்தது. ஆனால் நடுவில் ஓடிய சாலையை நடந்து கடக்க யாரும் வழி வைக்கவில்லை. காரை எடுத்து, போய், பாலத்துக்கு அடியில் திரும்பி, மறுபக்கம் வந்து சேர வேண்டும். நடைபாதை என்று ஒன்று இருக்கத்தான் செய்தது, கொஞ்ச தூரம் போய் ஒரு மதிலில் முட்டி நின்றுவிடும். பேருந்து என்று ஒன்று உண்டு என்று சொல்வார்கள். அதைப் பார்த்தவர்கள் அதிகமில்லை.

அதனால் என் தொழிலுக்கு அங்கே ராஜமரியாதை. வயது வந்ததும் வரிசையில் வந்து நிற்பார்கள். தேர்வில் தோற்றவர்கள் வாழ்க்கையே போச்சு என்கிற மாதிரி அழுவார்கள், உண்மையிலேயே பாதி வாழ்க்கை போய்விடும். சிக்னலில் நின்றால் சுற்றி நிற்கிற கார்களில் பாதி என் கையில் பழகியவை. ஒருவன் இண்டிகேட்டர் போடாமல் திரும்பினால் ‘இவனுக்கு நானா கத்துக்குடுத்தேன்?’ என்று எனக்கே வெட்கமாகிவிடும்.

என் மனைவி பல் செய்கிறவள். பல் டாக்டர் இல்லை. டாக்டர்கள் அனுப்புகிற அச்சை வைத்துக்கொண்டு, லேபில் உட்கார்ந்து, பீங்கான் பொடியைக் குழைத்து, சின்னத் தூரிகையால் அடுக்கடுக்காகப் பூசி, சூளையில் வைத்து எடுத்து, பக்கத்துப் பல்லோடு நிறம் ஒத்துப்போகிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பவள். பழைய ஊரில் அவள் லேப் ஊரின் அந்தக் கோடியில். காலையில் நான்தான் கொண்டுபோய் விடுவேன், சாயங்காலம் நான்தான் கூட்டிவருவேன். அவளுக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஊருக்கெல்லாம் கற்றுக்கொடுத்தவன் பெண்டாட்டிக்குக் கற்றுக்கொடுக்கவில்லையா என்று கேட்பவர்களிடம், ‘டிரைவர் இருக்கும்போது எதுக்கு?’ என்று சிரித்துவிடுவேன்.

எங்கள் குடித்தனம் நடந்ததே அந்தக் காரில்தான். வீடு தூங்குகிற இடம். காரில் ஏறி உட்கார்ந்து பெல்ட்டை மாட்டினால் அவள் பேச ஆரம்பிப்பாள். லேப் கதை. அந்த லேபுக்குள் நான் ஒருநாளும் போனதில்லை, ஆனால் அங்கே இருக்கிற ஒவ்வொருவரையும் எனக்குத் தெரியும். எல்லோரையும்விட நன்றாகத் தெரிந்தவர் பிளாஸ்டர்க்காரர். பல் அச்சுக்குள் பிளாஸ்டரைக் கரைத்து ஊற்றுகிற வேலை அவருக்கு. ஒருமுறை மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்த இடம் மறந்து, அது பிளாஸ்டருக்குள்ளேயே உறைந்துபோய், உடைத்து எடுத்தார்கள். அவருடைய மாமியார் நாலு நாள் தங்க வந்தவர் நிரந்தரமாகத் தங்கிவிட்டார். வாய் ஓயாத மாமியார். பிளாஸ்டர்க்காரர் என்ன செய்தார் என்றால், மாமியாருக்குத் தன் கையாலேயே ஒரு பல் செட் செய்துகொடுத்தார். கொஞ்சம் இறுக்கமாக. இரண்டு வார்த்தை பேசினால் ஈறு வலிக்கிற அளவுக்கு.

இதைக் கேட்டு நான் ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிச் சிரித்தேன். சிரித்து முடித்ததும், அந்த ஆளைப் பற்றி இவள் ஏன் இவ்வளவு ரசித்துப் பேசுகிறாள் என்று ஒரு சுருக்கும் இருந்தது. சொன்னேனே, எனக்குப் பொறாமை உண்டு. ‘அவருக்கு என்ன வயசு?’ என்று ஒருதரம் கேட்டேன். ‘தாத்தா வயசு’ என்றாள். அதன் பிறகு நிம்மதியாகச் சிரித்தேன்.

அந்தச் சாலையில் எல்லோரும் கொதித்துக்கொண்டு ஓட்டுவார்கள். நான் அப்படியில்லை. பொறுமைதான் என் தொழில். எப்போதாவது எவனாவது குறுக்கே வந்து விழுந்தால் கண்ணாடியை இறக்கத் தொடங்குவேன். அதற்குள் இவள், ‘இன்னைக்கு பிளாஸ்டர்க்காரர் என்ன பண்ணார் தெரியுமா?’ என்பாள். கண்ணாடி பாதியிலேயே நின்றுவிடும்.

அப்புறம்தான் இந்த ஊர் வேலை வந்தது. பெரிய லேப், இவளுக்குக் கீழே ஆட்கள். முதலில் ஒரு வருஷம், பிடித்தால் நிரந்தரம். நானும் கூடவே வந்தேன். பழைய ஊர் டிரைவிங் ஸ்கூல் முதலாளி என் இடத்தை ஒரு வருஷம் காலியாக வைத்திருப்பதாகச் சொன்னார். வருஷம் இப்போது முடியப்போகிறது. மாதக் கடைசிக்குள் அவள் இங்கே பதில் சொல்ல வேண்டும், நான் அங்கே பதில் சொல்ல வேண்டும். இரண்டு பதிலும் ஒன்றாக இருந்தால்தான் குடும்பம். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் முதலாளி போன் செய்வார். ‘மாஸ்டர், நீங்க கத்துக்குடுத்த ஸ்கூல் வண்டி சும்மா நிக்குது. அதைப் பாத்தா எனக்கே பாவமா இருக்கு.’ எனக்கு அழுகை வரும்.

இந்த ஊரில் காரை வைத்துக்கொள்ள இடமில்லை, அதனால் எங்கள் சொந்தக் காரை விற்றுவிட்டுத்தான் வந்தோம். இங்கே கார் என்பது கல்யாணத்துக்குப் போடுகிற கோட் மாதிரி, இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. பை தூக்கிய அதிகாரியும் கூடை தூக்கிய கிழவியும் ஒரே கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். காத்திருக்கிறவன் கைக்கடிகாரத்தைக்கூடப் பார்க்க மாட்டான், ஒன்று போனால் பின்னாலேயே இன்னொன்று வரும். எனக்கு இங்கேயும் ஒரு டிரைவிங் ஸ்கூலில் வேலை கிடைத்தது. ஆனால் என் தொழிலைச் சொன்னால், ‘அப்படியா, நல்லது’ என்கிறார்கள், ஏதோ நான் பொம்மை செய்கிறவன் மாதிரி. வருகிற நாலு பேரும் எதற்கும் இருக்கட்டும் என்று நீச்சல் கற்றுக்கொள்கிற மாதிரி கற்றுக்கொள்கிறார்கள். ஒரு மருந்துக்கடைக்கார அம்மா மட்டும்தான் உயிரைக் கொடுத்துப் படித்தார். ‘என் பொண்ணு இருக்குற ஊர்ல கார் இல்லாம வாசலத் தாண்ட முடியாதாம், மாஸ்டர். அங்க போய் நான் என்ன, சன்னல் வழியா வேடிக்கை பாத்துட்டு உக்காந்திருக்கவா?’ என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவரை எனக்குப் பிடித்தது.

சரி, ஊர் எப்படியோ போகட்டும். என் மனைவிதான் மாறிப்போனாள்.

வந்த முதல் வாரமே மாதப் பாஸ் வாங்கிவிட்டாள். அதை ஒரு கவரில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டு என் முன்னால் நின்று, ‘எப்படி இருக்கு?’ என்றாள். புது நகை போட்டுக் காட்டுகிற மாதிரி. அன்றோடு என் பணி முடிந்தது. சாயங்காலம் வீட்டுக்கு வருவாள். முகம் கழுவுவாள். நான் மேசைக்கு எதிரே உட்கார்ந்து, “இன்னைக்கு லேப்ல என்ன?” என்று கேட்பேன்.

“ஒண்ணுமில்ல.”

“ஒண்ணுமே இல்லையா?”

“வேலைதான். வேற என்ன இருக்கும்?”

“பிளாஸ்டர்க்காரர் பத்தி ஏதாவது தெரிஞ்சுதா? அந்த மாமியார் பல்ல லூஸ் பண்ணச் சொல்லிச் சண்டை போட்டாங்களே, அதோட நின்னுச்சு கதை.”

“தெரியலைங்க.” கரண்டியை எடுத்துக்கொண்டு அடுப்புப் பக்கம் திரும்பிவிடுவாள்.

அவள் முகத்தில் கோபமில்லை, சலிப்பில்லை. வரும் வழியிலேயே எல்லாவற்றையும் எங்கேயோ இறக்கி வைத்துவிட்டு வெறுங்கையோடு வருகிறவளைப் போல இருந்தாள். அங்கேதான் எனக்கு மூக்கு வியர்த்தது. ஒரு மனுஷி வாய் மூடாமல் பேசியதை இத்தனை வருஷம் கேட்டவன் நான். அந்தப் பேச்சு எங்கே போகும்? காற்றிலா கரையும்? ஒன்பதாம் நம்பரில் யாரோ ஒருவர் காதில் அது விழுகிறது என்று முடிவு கட்டினேன்.

அந்த யாரோ ஒருவர் யார் என்பதும் சீக்கிரமே தெரிந்தது. ஒருநாள் துணியை மடித்துக்கொண்டே, “இன்னைக்கு கண்ணாடிக்காரர் வரல” என்றாள்.

“யாரு கண்ணாடிக்காரர்?”

“டிராம்ல எதிர்ல உக்காருவார். தெனமும் அதே எடம்.” அவ்வளவுதான். தலையணை உறையை உதறிப் போட்டுவிட்டுப் போய்விட்டாள்.

வரவில்லை என்று தெரிகிற அளவுக்கு வருகிற ஆள்! அன்று முதல் எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த ஆளை நானே மனசுக்குள் செய்துகொண்டேன். மெல்லிய பிரேம் போட்ட கண்ணாடி, இஸ்திரி போட்ட சட்டை, ‘அப்புறம் என்னாச்சு?’ என்று தலையைச் சாய்த்துக் கேட்கிற பழக்கம். என்னுடைய பிளாஸ்டர்க்காரரை அவன் கேட்டுச் சிரித்துக்கொண்டிருப்பான். மாமியார் கதையின் மீதி அவனுக்குத் தெரிந்திருக்கும். இதை நினைத்தால்தான் எனக்கு அதிகமாக எரிந்தது. மழை பெய்தால் டிராம் நின்றுபோகட்டும் என்று வேண்டிக்கொள்வேன். அது கொட்டுகிற மழையில் விளக்கைப் போட்டுக்கொண்டு சாவகாசமாக வந்து அவளை நனையாமல் இறக்கிவிட்டுப் போகும். “நீங்களும் ஒருநாள் வாங்களேன், சும்மா ஒரு சுத்து” என்று கூப்பிட்டாள். அதில் கால் வைப்பதில்லை என்று நான் சபதமே எடுத்திருந்தேன்.

இதற்கிடையில் இந்த மாதம் பிறந்தது. “திரும்பிப் போயிடலாமா?” என்று கேட்டேன்.

“உங்களுக்குப் போகணும்னா போலாம்” என்றாள். போகலாம் என்பதைவிட அந்த ‘உங்களுக்கு’தான் என் காதில் விழுந்தது. அவளுக்கு இங்கே விட்டுப்போக மனசில்லாத ஏதோ ஒன்று இருக்கிறது. அது கண்ணாடி போட்டிருக்கிறது.

இனி நான் செய்த காரியத்தைச் சொல்கிறேன். வேறு எந்தப் புருஷனும் பின்னாலேயே ஏறி, பெட்டியின் கோடியில் பேப்பரால் முகத்தை மறைத்துக்கொண்டு நின்றிருப்பான். கார் கற்றுக்கொடுக்கிறவனுக்கு அதெல்லாம் தோன்றாது. மருந்துக்கடை அம்மாவின் வகுப்பைச் சாயங்காலத்துக்கு மாற்றினேன். மணிக்கூண்டுச் சந்திப்பில், டிராம் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னேன். வண்டியின் தலையில் மஞ்சள் பெட்டி, அதில் ஸ்கூல் பெயர், முன்னும் பின்னும் எல் போர்டு. ஒளிந்து பின்தொடர இதைவிடப் பொருத்தமான வண்டி இந்த ஊரில் இருந்திருக்காது.

ஒன்பதாம் நம்பர் வந்தது.

“அம்மா, இன்னைக்கு ஒரு பெரிய வண்டிக்குப் பின்னால இடைவெளி விட்டு ஓட்டப் பழகுறோம். அந்த டிராம விடாம பின்னாடியே போங்க.”

“விடாமலா, மாஸ்டர்?”

“விடாம.”

என் மாணவிகளிலேயே சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர் அந்த அம்மாதான். விடாமல் போனார். முதல் வளைவில் டிராம் கொஞ்சம் திரும்பியபோது சன்னல் வரிசை முழுதும் எனக்குத் தெரிந்தது. பொழுது மங்கிக்கொண்டிருந்தது, உள்ளே விளக்கு போட்டிருந்தார்கள். கடைசிப் பெட்டியில், சன்னலோரம் என் மனைவி.

கண்ணாடிக்காரரும் இருந்தார். எதிர் இருக்கையில். கிழவர். பேப்பரை நாலாக மடித்து மூக்குக்கு நேரே வைத்துக்கொண்டு அதிலேயே மூழ்கியிருந்தார். இவளை அவர் பார்க்கவில்லை, இவளும் அவரைப் பார்க்கவில்லை. இவள் தலையைச் சன்னல் கண்ணாடியில் சாய்த்திருந்தாள். பை மடியில், கை பைமேல். வாய் மூடியிருந்தது. அவள் யாரிடமும் பேசவில்லை, யார் பேசுவதையும் கேட்கவில்லை.

அந்த முகத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ஒருநாள்கூடப் பார்த்ததில்லை. அதில் சந்தோஷமும் இல்லை, துக்கமும் இல்லை. எதிரே இருப்பவனுக்காக எதையும் தயார் செய்து வைத்திராத முகம். அந்தக் கிழவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தால்கூட எனக்கு என்ன செய்வதென்று தெரிந்திருக்கும். இறங்கிப்போய் ஒரு கை பார்த்திருப்பேன். யாருமே இல்லாத இடத்தில் யாரோடு மல்லுக்கட்டுவது? பக்கத்தில் ஆளில்லாமல் அவள் அவ்வளவு நிம்மதியாக இருந்தாள். அந்தச் சன்னல் கண்ணாடிமேல் பொறாமையாக இருந்தது.

“மாஸ்டர், நேராவா?”

“நேரா” என்றேன்.

என் பக்கம் ஒரு பிரேக் உண்டு. கற்றுக்கொள்கிறவர் கோட்டைவிட்டால் மிதிக்க வேண்டியது நான். இத்தனை வருஷத் தொழிலில் என் கால் அதைவிட்டு நகர்ந்ததில்லை, தூக்கத்தில்கூட மிதிப்பதாக இவள் சொல்வாள். அன்று மிதிக்கவில்லை. சாலை வலது பக்கம் திரும்பியது, தண்டவாளம் நேராகப் போனது. அந்த அம்மா நேராகப் போனார். டிராம் மட்டும் போகிற பாலத்துக்கு ஏறுகிற இடத்தில், புல் வளர்த்த பாதையில், தண்டவாளத்துக்கு நடுவே எங்கள் கார் குலுங்கிக் குலுங்கி ஓடி, முன்சக்கரம் இரண்டும் மண்ணில் புதைந்து நின்றது.

“நீங்க சொன்னதத்தான் செஞ்சேன், மாஸ்டர்” என்றார் அந்த அம்மா. இரண்டு கையும் ஸ்டியரிங்கில் நான் கற்றுக்கொடுத்த இடத்திலேயே இருந்தன.

பின்னால் அடுத்த டிராம் வந்து நின்று மணியடித்தது. மணி என்றால் சாதாரண மணியில்லை. முன்னால் போனது பாலத்தின் கோடியில் இருந்த நிறுத்தத்தில் நின்றுவிட்டது. அதிலிருந்து எல்லோரும் தலையை நீட்டிப் பார்த்தார்கள். அங்கிருந்து ஒருத்தி இறங்கி, தண்டவாளத்தை ஒட்டிய நடைமேடையில் பையை இடுக்கிக்கொண்டு வேகமாக வந்தாள். ஸ்கூல் பெயர் எழுதிய மஞ்சள் பெட்டியை அவள் அங்கிருந்தே படித்திருக்க வேண்டும். என் முகத்தில் ஈயாடவில்லை.

“அடி ஒண்ணும் படலையே?” என்று முதலில் அந்த அம்மாவைத்தான் கேட்டாள்.

“எனக்கு ஒண்ணுமில்லம்மா. முன்னாடி போற டிராம விடாம புடிக்கச் சொன்னார். புடிச்சேன். சன்னலையே பாத்துட்டு வந்தார், ரோட்டப் பாக்கல.”

குட்டு உடைந்தது. என் மனைவி என்னைப் பார்த்தாள். தான் இறங்கி வந்த டிராமைத் திரும்பிப் பார்த்தாள். மறுபடி என்னைப் பார்த்தாள்.

அதற்குள் இரண்டு டிராமிலிருந்தும் ஆட்கள் இறங்கி வந்து காரைத் தள்ளினார்கள். கண்ணாடிக்காரரும் பேப்பரைக் கக்கத்தில் செருகிக்கொண்டு வந்து பின்பக்கம் தோள் கொடுத்தார். சக்கரம் வாரியடித்த சேறு முழுவதும் அவர் பேண்ட்டில். கார் வெளியே வந்ததும் மூச்சு வாங்கிக்கொண்டே என் மனைவியிடம் கேட்டார்: “உங்களுக்குத் தெரிஞ்சவராம்மா?”

“என் வீட்டுக்காரர்.”

“ஓ” என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். “இவ்வளவு நாளா எதிர்ல உக்காந்து வர்றோம், இன்னைக்குத்தான் உங்க குரலைக் கேக்கறேன்.” என்னைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்துவிட்டுப் போனார். அவர் திட்டியிருக்கலாம். எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

போன் செய்ததும் டிரைவிங் ஸ்கூல்காரர் வந்து, கையை நீட்டிச் சாவியை வாங்கிக்கொண்டார். “இன்னைக்கு நீங்க ஓட்ட வேண்டாம்” என்றார். எனக்கு ஒருவர் அப்படிச் சொல்லும் நாள் வரும் என்று நினைத்ததில்லை. அந்த அம்மாவைக் காரில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். நாங்கள் இருவரும் நிறுத்தம்வரை நடந்தோம். அடுத்த ஒன்பதாம் நம்பர் வந்தது. சபதத்தை மென்று விழுங்கிவிட்டு ஏறினேன். டிக்கெட் எடுக்கத் தெரியாமல் திணறியதைப் பார்த்து அவளே எடுத்துக்கொடுத்தாள். சன்னலோரம் அவள், பக்கத்தில் நான்.

“யாரோ இருக்காங்கன்னு நெனச்சீங்க” என்றாள்.

“இல்லன்னு சொல்ல முடியாது.”

“அந்தத் தாத்தாவையா?”

“தாத்தான்னு நீ சொல்லலையே.” கொஞ்ச நேரம் அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை. “நீ யார்கிட்டயாவது பேசிட்டு வந்திருந்தா எனக்குப் பரவால்ல. யார்கிட்டயும் பேசல. எங்கிட்டயும் பேசறதில்ல. கார்ல வாய் மூடாம பேசுவியே, அதெல்லாம் எங்க போச்சு?”

அவள் பையின் வாரைச் சுருட்டிச் சுருட்டி விட்டாள்.

“கார்ல பேசலன்னா நீங்க கத்துவீங்க.”

“நானா?”

“நீங்கதான். கத்துக்க வர்ற பிள்ளைங்ககிட்ட நாள் பூரா பொறுமையா இருப்பீங்க. அத்தனையும் சேத்து வச்சு சாயந்திரம் ரோட்டுல கொட்டுவீங்க. கல்யாணமான புதுசுல ஒருநாள் ஒருத்தன் குறுக்க வந்தான்னு நடுரோட்டுல வண்டிய நிறுத்திட்டு எறங்கிப் போய் அவன் பானெட்ல ஓங்கித் தட்டினீங்க. ஞாபகம் இருக்கா? எல்லாரும் ஹாரன் அடிக்கறாங்க. நான் உள்ள உக்காந்திருக்கேன். எனக்கு ஓட்டத் தெரியாது. எறங்கி நடக்கவும் எடமில்ல, ரெண்டு பக்கமும் வண்டி பறக்குது. நீங்க திரும்பி வந்ததும் மறுபடி எறங்கிடக் கூடாதேன்னு வாய்க்கு வந்தத சொல்ல ஆரம்பிச்சேன். எங்க லேப்ல ஒரு பிளாஸ்டர்க்காரர் இருக்கார், என்ன பண்ணார் தெரியுமான்னு. நீங்க சிரிச்சீங்க. அன்னைக்குத்தான் அவர் பொறந்தார்.”

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. “பொறந்தார்னா?”

“அப்படி ஒரு ஆளே இல்லைங்க. அந்த லேப்ல பிளாஸ்டர் ஊத்தறது ஒரு மெஷின்.”

“மாமியார்?”

“ஆளே இல்லன்னா மாமியார் எங்கிருந்து?” சிரிப்பும் இல்லாமல் அழுகையும் இல்லாமல் சொன்னாள். “காலைல கதவை மூடினதும் இன்னைக்குப் பாலம் தாண்டற வரைக்கும் எதச் சொல்றதுன்னு யோசிப்பேன். லேப்ல பல்லுக்குப் பூசிட்டு இருக்கும்போதே சாயந்திரத்துக்கு ஒண்ணு தயார் பண்ணுவேன். அது ரெண்டாவது வேலை. இங்க வந்து மொத நாள் டிராம்ல உக்காந்தப்போ, யாரோ ஓட்டறாங்க, யாருக்கும் கோவம் வரல, நான் ஒண்ணும் சொல்ல வேண்டாம்னு தெரிஞ்சுது. எறங்க மனசே வரல.”

ஒரு காலத்தில் நான் பொறாமைப்பட்டதும், ஒரு வருஷமாக ஏங்கிக் கிடந்ததும் இல்லாத ஓர் ஆளுக்காக. அது பெரிதாகப் படவில்லை. என் வாழ்க்கையிலேயே சந்தோஷமான நேரம் எது என்று யாராவது கேட்டால் அந்தக் கார்ப் பயணம் என்றுதான் சொல்லியிருப்பேன். அந்த நேரம் முழுக்க என் பக்கத்தில் ஒருத்தி பயந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். இதுதான் வலித்தது.

“திரும்பிப் போனா?” என்று கேட்டேன்.

“போனா பேசறேன். பழகினதுதானே.”

அதில் குத்தலே இல்லை. குத்தியிருந்தால் நானும் இரண்டு வார்த்தை பதிலுக்குச் சொல்லியிருப்பேன். போனை எடுத்தேன். பழைய ஊர் முதலாளி முதல் மணியிலேயே எடுத்தார், ஞாயிற்றுக்கிழமை இல்லையே என்று ஆச்சரியப்பட்டார். “அந்த வண்டிய வேற யாருக்காவது குடுத்துடுங்க” என்றேன். “மாஸ்டர், நல்லா யோசிச்சீங்களா?” என்றார். யோசிக்கவில்லை என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

அவள் தலையைச் சன்னலில் சாய்த்துக்கொண்டாள். ஒரு கார் டிராமுக்கு முன்னால் வெட்டிக்கொண்டு போனது. என் கால் தரையை ஓங்கி மிதித்தது, வாய் தானாகத் திறந்தது. அவள் உடம்பு ஒரு கணம் விறைத்ததைத் தோளில் உணர்ந்தேன். இதுவும் இத்தனை வருஷமாக நடந்துகொண்டிருந்திருக்கும், ஓட்டிக்கொண்டிருந்த எனக்குத் தெரியவில்லை. வாயை மூடிக்கொண்டேன். டிராம் ஓட்டுகிறவர் மணியை ஒருதரம் அடித்துவிட்டு அவர்பாட்டுக்குப் போனார்.

உண்மையைச் சொன்னால் எனக்கு அப்போது பிளாஸ்டர்க்காரர்தான் வேண்டியிருந்தது. அந்த மாமியாருக்குப் பல் லூஸாயிற்றா இல்லையா என்று யாராவது சொல்லியிருந்தால் தேவலை. கேட்கவில்லை.

எங்கள் வளைவு வந்தது. உள்ளே இருந்து கேட்டால் அந்தக் கிறீச் சத்தம் அவ்வளவு பெரிதாக இல்லை. இறங்கத் தயாராகும்போது அவள் என்னைப் பார்க்காமல், வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“இன்னைக்கு ஒரு பல்லு ரெண்டு தடவ திரும்பி வந்துடுச்சு. நிறம் சேரல. எனக்குச் சேந்த மாதிரிதான் தெரிஞ்சுது. கீழ வேலை பாக்கற பொண்ணு பாத்த ஒடனே மஞ்சள் ஜாஸ்தின்னு சொல்லிட்டா. போன மாசமும் இப்படி ஒண்ணு ஆச்சு. கண்ணுதான் போகுதோ என்னமோ.”

எவன் திருப்பி அனுப்பினான், அந்தப் பெண்ணுக்கு எவ்வளவு திமிர், உன் கண்ணுக்கு என்ன குறை என்று நாலு கேள்வி என் தொண்டைக்கு வந்து நின்றன. காலைத் தரையில் அழுத்திக்கொண்டேன்.

“அப்புறம்?” என்றேன்.